அடிபட்ட ஏரியின் விரால்

புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவே, மாந்தோப்புகளுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிட தூரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து தூண்டில் ராடுகளை எண்ணியிருக்கிறேன். திருப்பதிப் பையன்கள், சித்தூரிலிருந்து பைக்கில் வருகிறவர்கள், நள்ளிரவில் சென்னையில் கிளம்பி விடியுமுன் வந்து சேர்கிறவர்கள். எல்லார் தூண்டில் நரம்பின் நுனியிலும் ஒரே மாதிரி ரப்பர் தவளை. எட்டு மணிக்கு வெயில் ஏறியதும், "இந்த ஏரியில் மீனே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

மீன் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அந்த ஏரிக்குப் போகிறவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

நான் பேசுவது விராலைப் பற்றி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் விரால் என்போம், சந்தையில் கொர்ரமீனு என்போம். அமெரிக்காவில் பாஸ் மீனுக்குச் செய்த ரப்பர் தவளையும் பின்னிய ப்ரெய்டு நரம்பும் இந்த மீனுக்கு அப்படியே பொருந்திப் போனதில் வியப்பில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாத மீன்கள். ஆனால் குணம் ஒன்றுதான்: பெரும்பாலும் துரத்தி வேட்டையாடுவதில்லை, நிழலுக்குள் பதுங்கியிருந்து பாயும். விராலுக்குக் கூடுதலாக ஒரு கட்டாயம் உண்டு. செவுள் மட்டும் அதற்குப் போதாது, மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். தண்ணீருக்குள்ளேயே இருந்து தப்பித்துவிட அதனால் முடியாது. தூண்டில்காரனுக்கு இதைவிடப் பெரிய துப்பு கிடையாது. அப்படியிருந்தும் கரையில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் துப்பைப் பார்ப்பதே இல்லை. வந்ததும் வராததுமாக எறியத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஒரு மே மாத மாலை, ராடைக் கீழே வைத்துவிட்டு வெறும் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஆகாயத்தாமரைக்கு நடுவே முறம் அளவுக்கு ஒரு வெளி. முதலில் அதில் இலை நடுங்கியது. பிறகு கொட்டாங்கச்சியைத் தண்ணீரில் கவிழ்த்து எடுத்ததுபோல 'டப்' என்று ஒரு சத்தம். ஜிலேபி மீன் வாய் வைக்கும் சத்தம் இப்படி இருக்காது, அது வெற்றிலைக்காரர் உதடு பிரிப்பதுபோல மெல்லியது. விராலின் சத்தத்தில் கனம் உண்டு. அடுத்த 'டப்' ஏழு நிமிடம் கழித்து, அதே வெளியில். அதற்கடுத்தது ஆறு நிமிடத்தில். அந்த நேரம் பார்த்துக் கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கிப் பேசிக்கொண்டே சரிவில் காலை ஊன்றி வந்தார்கள். அதன் பிறகு அந்த வெளியில் சத்தமே இல்லை. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வெகுநேரம் கழித்து நாலு பாகம் தள்ளி, கோரைக்கு அடியில், கடுகு சிந்தியதுபோல் பொடிக் குமிழிகள் சில வரிசையாக வந்தன. அதே மீன்தான். மேலே வராமல் இருக்க முடியாது என்பதால் வந்தது, ஆனால் இடத்தையும் மாற்றி, சத்தத்தையும் அடக்கிக்கொண்டுவிட்டது. அடிபட்ட ஏரி என்று நான் சொல்வது இதைத்தான். மீன் தீர்ந்துபோன ஏரி அல்ல அது, நம்மைக் கேட்கக் கற்றுக்கொண்ட ஏரி.

காலடியைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் அந்த ஏரியில் வலை போடும் ஒரு பெரியவர். ஒருநாள் என் பின்னாலேயே சிறிது தூரம் நடந்து வந்தார்.

"நாயனா, காலை ஊனி நடக்காதே. கட்ட பேசும்."

"மண்கரைதானே தாத்தா, இதில் என்ன சத்தம்?"

"உனக்குக் கேக்காது. அதுக்கு உடம்பெல்லாம் காது."

மீனின் விலாவில் ஓடும் கோடு அதிர்வை உணரும் உறுப்பு என்று பிற்பாடு படித்தேன். அவர் படித்தவரில்லை, ஆனாலும் சரியாகத்தான் சொன்னார். அன்று முதல் செருப்பைக் கரையின் மறுபக்கத்தில் கழற்றிவிடுவேன். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகப் போய், சரிவில் இறங்காமல் மேலிருந்தே எறிவேன். போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் சும்மா உட்காருவேன். இது ஒன்றே என் மீன் கணக்கை மாற்றியது. புது ராடு வாங்கியபோதுகூட இவ்வளவு மாறவில்லை.

எறிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிபட்ட ஏரியில் ஒரு வெளிக்கு ஒரு எறிதல்தான். முதல் எறிதலிலேயே வெளியின் நடுவில் 'தொப்' என்று தவளையைப் போட்டால் அங்கே கதை முடிந்தது. வெளியைத் தாண்டி, அதற்கப்பால் உள்ள தழைமேல் போட வேண்டும். அங்கே கொஞ்சநேரம் கிடக்கட்டும். பிறகு தழைமேல் ஊர்ந்து வரவிட்டு, விளிம்பில் நிறுத்த வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது தானாக வழுக்கி விழுந்ததுபோல் இருக்க வேண்டும். இறங்கிய பிறகு இழுக்கக் கூடாது. கை பரபரக்கும், இழுக்கக் கூடாது. எல்லாரும் 'டக் டக் டக்' என்று ஒரே தாளத்தில் இழுப்பதை அந்த மீன் நூறு முறை பார்த்திருக்கிறது. அசையாத தவளையைப் பார்த்திருக்காது. நான் முப்பதுவரை எண்ணுவேன். பிறகு ராடு நுனியில் ஒரேயொரு துடிப்பு. பெரிய மீன்களில் பாதிக்கு மேல் அந்த ஒற்றைத் துடிப்புக்குப் பிறகு வந்தவைதான்.

அடி விழுந்ததும் உடனே சுண்டுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ரப்பர் தவளையின் முட்கள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், மீன் அதைக் கவ்வி அழுத்தினால்தான் வெளியே வரும். தண்ணீர் வெடிப்பது மீன் பாய்ந்ததற்கு அடையாளம், கவ்வியதற்கு அல்ல. நரம்பு நகர்வதைப் பார்த்து, கனம் கையில் தெரிந்த பிறகு சுண்ட வேண்டும். தவறிவிட்டால் அதே இடத்தில் அடுத்த நிமிடமே மறுபடி எறியாதீர்கள். அரைமணி நேரம் வேறெங்காவது போய்விட்டு, வேறு நிறத்தில், வேறு உருவில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு திங்கட்கிழமை போனால் நான் தவளையையே தொடுவதில்லை. ஈயமில்லாத ஒற்றை முள், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் புழு, அவ்வளவுதான்.

உயிர்த்தவளை கட்டுவதை நான் விட்டுப் பல காலமாயிற்று. என் அப்பா காலத்து மூங்கில் தூண்டிலில் அதுதான் இரை. வயல் பூச்சியைத் தின்று பயிரைக் காக்கிற உயிர் அது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-ல் நாடு நிறுத்தியது. ரப்பர் போதுமானதாக இருக்கும்போது உயிரைக் குத்தித் தொங்கவிட எனக்குக் கை வரவில்லை.

இடத்தைப் பற்றி என் அனுபவம் சொல்வது ஊர்வழக்கத்துக்கு நேர்மாறானது. எல்லாரும் ஆள் நடமாட்டமில்லாத ஏரி உள்வாயின் கோடியைத் தேடிப் போவார்கள். நான் எருமை இறங்கும் துறைக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் போவேன். அங்கே இருக்கும் விரால் சத்தத்துக்குப் பழகிய மீன். நாளெல்லாம் அடித்துத் துவைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆனதில்லை. எருமை கலக்கிய சேற்றுத் தண்ணீரின் ஓரத்தில் பூச்சியும் பொடிமீனும் கிளம்புவதை அது அறியும். அங்கே தூண்டில் போட யாருக்கும் தோன்றுவதுமில்லை. மாடுகள் கரையேறிப் போன அரைமணி நேரம் பொன்னான நேரம். மதகின் பக்கச்சுவரும் அப்படித்தான். நேர் கீழே, கையெட்டும் தூரத்தில் மீன் நிற்கும், எறியக்கூட வேண்டாம், தொங்கவிட்டால் போதும்.

இவ்வளவும் உத்தி. உத்தியைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது, அமெரிக்காவில் ஒரு சின்ன ஏரியில் நடந்த ஆய்வு. இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரி, நம் ஊர் ஏரிகளின் அளவுதான். 1970-களில் அங்கே பிடிபட்ட ஒவ்வொரு பாஸ் மீனையும் அடையாளமிட்டு, கணக்கெழுதி, திரும்ப விட்டார்கள். பிறகு ஏரியை வடித்து 1,700-க்கும் மேற்பட்ட மீன்களை எடுத்துப் பார்த்தால், சில மீன்கள் மறுபடி மறுபடி சிக்கியவை, சில ஒருமுறைகூடச் சிக்காதவை. இரண்டு வகையையும் தனித்தனியாக இனம் பெருக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. சட்டென்று கடிப்பதும் கடிக்காததும் ஓரளவுக்குப் பிறவியிலேயே வருகிறது என்று 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது. எளிதில் தூண்டிலில் சிக்கும் வம்சத்து ஆண் பாஸ்தான் தன் குஞ்சுகளை அதிக மூர்க்கத்தோடு காக்கிறது.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு காரணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில் அந்த ஏரி நிறைந்து மொரவ, அதாவது உபரிநீர், போய்க்கொண்டிருந்தது. சம்பு ஓரத்தில் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் செக்கச்செவேலென்று கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். குங்குமத்தைக் கரைத்துவிட்டதுபோல, நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்று புரண்டு மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. குஞ்சு மேலே வரும்போதெல்லாம் அடியில் காவல் மீன் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டேன். இரண்டாவது நொடியில் அடி. பசியால் அல்ல, குஞ்சைக் காக்க வந்த அடி. ஒன்றரைக் கிலோ. வீட்டுக்குக் கொண்டு போனேன், புளிக்குழம்பு வைத்தார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது சம்போரத்தில் சிவப்பு இல்லை. நீர்க்காகம் இரண்டு உட்கார்ந்திருந்தன. ஜிலேபிக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது.

விராலில் அப்படியொரு ஆய்வு நடந்து நான் படித்ததில்லை. ஆனால் என் கண்ணால் பார்த்தது போதும். சின்ன ஏரியில் நாம் குறைப்பது மீனின் எண்ணிக்கையை மட்டுமல்ல. பாய்கிற மீனை, காவல் நிற்கிற மீனை எடுத்துவிட்டு, ஒளிகிற மீனை விட்டுவைக்கிறோம். பிறகு 'மீன் கடிப்பதில்லை' என்கிறோம்.

விரால் சாமானியமாக அழியும் மீனில்லை என்பதும் உண்மை. கோடையில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்தாலும் அடிச்சேற்றில் புதைந்து மழைவரை கிடக்கும். 2021 நவம்பர் வெள்ளத்தில் ஸ்வர்ணமுகி ஆறு கரைபுரண்டு, ராயலசெருவு ஏரிக்கரை கசிந்து, கீழ் ஊர்களையெல்லாம் காலி செய்தார்களே, அந்த மழையில் எங்கள் பக்கத்து ஏரிகளும் ஒன்றுக்குள் ஒன்று வடிந்தன. அதற்கடுத்த வருஷம் அதுவரை விரால் பார்த்திராத குட்டைகளில்கூட 'டப்' சத்தம் கேட்டேன். வெள்ளமும் வறட்சியும் அதற்குப் பழகியவை. வாராவாரம் பதினைந்து ராடு என்பதுதான் அதற்குப் புதிது.

வெடி போடுகிறவர்களையும் மருந்து கலக்குகிறவர்களையும் பற்றி ஒரே வார்த்தை: 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டமே இரண்டையும் குற்றமென்று சொல்லிவிட்டது. கண்டால் ஊராரிடம் சொல்லுங்கள். அதேபோல் ஏரிக்கு மீன் குத்தகை எடுத்தவர்கள் இருப்பார்கள். கட்லாவும் ரோகுவும் அவர்கள் காசுபோட்டு விட்ட குஞ்சுகள். கேட்காமல் இறங்குவது முறையல்ல. நான் கேட்டபோதெல்லாம் "கொர்ரமீனுதானே, போ" என்றுதான் சொன்னார்கள். கோயில் குளத்துப் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது என்பதை இந்த ஊரில் சொல்லவே வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் நான் ஒரு நாளைக்கு ஒரு மீன்தான் எடுக்கிறேன், அதுவும் முக்கால் கிலோவுக்குள் இருந்தால். பெரியது வந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடிப்பேன். காய்ந்த கை பட்டால் அதன் மேல்வழுவழுப்பு உரிந்துவிடும். வாயைப் பிடித்துத் தொங்கவிட்டுப் படமெடுப்பதில்லை. முள்ளின் நுனியிலுள்ள எதிர்முள்ளைத் தட்டையாக்கி வைத்திருப்பதால் சட்டென்று கழன்றுவிடும். விராலுக்குக் காற்றிலும் மூச்சு உண்டு என்பதால் அது நிதானமாகவே இருக்கும், நாம்தான் பதறுவோம். தண்ணீரில் இறக்கினால் ஒரு கணம் கையிலேயே நிற்கும். பிறகு வாலை ஒருமுறை வீசிவிட்டுப் போகும்.

இந்தப் பக்கம் தூண்டிலோடு வருகிற எல்லாரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்போரத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொதிப்பதைப் பார்த்தால், அங்கே தவளையைப் போடாதீர்கள். நரம்பைச் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றாமல், அந்த இடத்தைக் கடந்து போய்விடுங்கள்.