இரண்டாயிரம் ரூபாய்க் கார்

எங்கள் கோயமுத்தூரில் அவினாசி ரோட்டுக்கு மேலே இன்னொரு அவினாசி ரோடு போட்டிருக்கிறார்கள். உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்கினால் 10.1 கிலோமீட்டர். செலவு 1,791 கோடி. 2025 அக்டோபர் 9-ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்து, ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர் சூட்டினார். தெருக்களின் பெயரிலிருந்து ஜாதியை எடுக்கச் சொல்லி அரசாணை வந்த அதே வாரம். கேட்க வேண்டுமா? எங்கள் காலேஜ் வாசல் டீக்கடையில் மூன்று நாளைக்கு வேறு பேச்சே இல்லை.

"ஏனுங், ஜாதி வேண்டாம்னா நாயுடுவ எடுத்துட்டு ஜி.டி. பாலம்னு வெச்சா ஆகாதுங்களா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆகும். அப்பறம் டெல்லி போற ரயிலு இதுமேலதான் போகுதான்னு கேப்பாங்க" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன்.

ஜாதி தெருவிலிருந்து போவது நல்லதுதான், எனக்கு அதில் இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் ஒரு மனிதரை ஊரே முக்கால் நூற்றாண்டாக ஒரே பெயரில் கூப்பிட்டுப் பழகிவிட்டால் பாதியை வெட்டி எடுப்பது கஷ்டம். மிச்சம் இருப்பது யார் என்று தெரியாது. போகட்டும். எனக்கு வருத்தம் வேறு. அத்தனை பேர் அவர் பெயருக்காகச் சண்டை போட்டார்கள். அவர் செய்த காரைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பாலத்தின் மேல் போவதென்னவோ கார்தான்!

ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறவன் என்ற தகுதியில் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நாயுடு பிறந்தது 1893. சூலூர் பக்கம் கலங்கல் கிராமம். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்ததைப் பார்த்திருக்கிறார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் போகிறது. அதற்காகவே கோயமுத்தூர் வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டினார். (நாமாக இருந்தால் ஈ.எம்.ஐ.யில் வாங்கி, பெட்ரோல் டேங்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்போம்.)

1920-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுக்க, ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். 1933-ல் அவருடைய யு.எம்.எஸ். கம்பெனியிடம் 280 வண்டிகள். அதற்குப் பிறகு மனிதர் கை வைக்காத இடமில்லை. சின்ன மோட்டார் வைத்த ரேஸர், மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், ஜூஸ் பிழியும் மெஷின், ஓட்டுப் பதிவு மெஷின். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சவ ஊர்வலத்தை 1936-ல் கேமராவில் படம் பிடித்திருக்கிறார். அதே வருஷம் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றும் இருக்கிறார். விஞ்ஞானிக்கு இங்கே ஓட்டு விழாது என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து பீளமேட்டில் ஒரு எலெக்ட்ரிக் மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் அது என்கிறார்கள். எங்கள் ஊர் பம்ப் செட், எங்கள் ஊர் கிரைண்டர், எங்கள் ஊர்ச் சோறு எல்லாம் அங்கிருந்துதான். இந்த மோட்டார் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு டெக்னிகல் காலேஜ் ஆரம்பித்தார். இப்போதைய அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதுதான் ஆரம்பம். இன்ஜினீயரிங்குக்கு நாலு வருஷம் என்பது வெட்டி, இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை, பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். மூன்றரை வருஷம் முடித்தவன் என்ற முறையில் நான் நாயுடு கட்சி.

இனி கார். 1952-ல் நாயுடு ஒரு சின்ன பெட்ரோல் கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். விலை 2,000 ரூபாய். தயாரித்து விற்க லைசென்ஸ் கேட்டார். கிடைக்கவில்லை. கதை அவ்வளவுதான்!

அவ்வளவுதானா என்றால், அந்தக் காலத்துச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1951-ல் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. எதைத் தயாரிக்கலாம், யார் தயாரிக்கலாம், எத்தனை தயாரிக்கலாம் என்று டில்லிதான் சொல்லும். உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1953-க்குப் பிறகு மூட்டை கட்டினார்கள். மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். அம்பாசடர், ஃபியட், நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, சாவி வாங்கினால் ஸ்வீட் கொடுத்த காலம்.

அந்த வரிசையில் அடுத்த லைசென்ஸ் யாருக்கு? 1970-ல் சிறிய கார் தயாரிக்க அனுமதி வாங்கியவர் பிரதம மந்திரியின் மகன் சஞ்சய் காந்தி. நாயுடுவிடம் கார் இருந்தது, லைசென்ஸ் இல்லை. சஞ்சயிடம் லைசென்ஸ் இருந்தது, கார் இல்லை. நிலம் வந்தது, கம்பெனி வந்தது, சொன்னபடி கார் மட்டும் வரவில்லை. 1977-ல் ஆட்சி மாறியதும் கடை சாத்தப்பட்டது. 1980-ல் அவர் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். பிறகு அரசாங்கமே கம்பெனியை எடுத்து, ஜப்பானிலிருந்து சுசூகியைக் கூட்டி வந்து, 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கையால் கொடுத்தார்கள். நாயுடு கேட்டதிலிருந்து சரியாக 31 வருஷம். அவர் 1974-லேயே காலமாகிவிட்டார்.

என் ரூம்மேட் ஒரு அவநம்பிக்கைவாதி. "ரெண்டாயிரம் ரூபா கார் தகர டப்பாவா இருந்திருக்கும்டா. லைசென்ஸ் குடுத்திருந்தா நானோ கதிதான்" என்கிறான். நானோவைச் சும்மா சொல்லக் கூடாது. மழையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடா யோசித்த கார். 2008-ல் ஒரு லட்ச ரூபாய் என்று மேடையில் ஏற்றினார்கள். 'மலிவு' என்ற முத்திரையே அதற்கு எமனாகி, 2018-ல் தயாரிப்பு நின்றது. ஸ்கூட்டர்க்காரருக்கு அடுத்த வீட்டுக்காரர் பார்க்கிற மாதிரி கார் வேண்டியிருந்தது. (ரத்தன் டாடா இறந்தது 2024 அக்டோபர் 9. நாயுடு பாலம் திறந்தது சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில். தற்செயல்தான்.)

இருக்கட்டுமே! நானோவை வேண்டாம் என்று சொன்னவர்கள் ஷோரூமுக்குப் போய்ப் பார்த்த ஜனங்கள். அந்த வாய்ப்பு 2,000 ரூபாய்க் காருக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். டப்பாவாகவே இருக்கட்டும். அந்த டப்பாவுக்கு போல்ட் செய்ய ஒருவர், ஸ்பிரிங் செய்ய ஒருவர், ரேடியேட்டர் செய்ய ஒருவர் என்று 1952-லேயே கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறைகள் முளைத்திருக்கும்.

2025-ல் மாதவன் நாயுடுவாக நடிக்கும் படத்தை அறிவித்தார்கள். எனக்கு மாதவனைப் பிடிக்கும்; பயமெல்லாம் இந்த வகைப் படங்களின் பொதுவான வியாதியைப் பற்றி. இன்டர்வெலுக்கு முன் கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் ஹீரோவின் ஃபைலைத் தூக்கி எறிவார். காகிதம் ஸ்லோமோஷனில் பறக்கும். நிஜத்தில் யாரும் ஃபைலை எறிவதில்லை சார். ஆபீஸ் போகிற உங்களுக்குத் தெரியாததா? எறிந்தால்கூட யாராவது பொறுக்குவார்கள். மேஜையில் வைத்து, மேலே இன்னொரு ஃபைலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

சினிமாவும் காரும் என்றவுடன் எங்கள் ஹாஸ்டலில் அஜித்துக்கு ஒரு கோயில் கட்டாத குறை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவருடைய டீம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, மெஸ்ஸில் தட்டுகள் நெளிந்தன. கோயமுத்தூர்க்காரனான எனக்கு இதில் ஒரு உள்ளூர்ப் பெருமை உண்டு. அஜித் 2002-ல் ஓட்டிய ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கியவர் எங்கள் ஊர் கரிவரதன். ரேஸ் கார் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றிருந்த காலத்தில், மாருதி 800 இன்ஜினைத் தூக்கி ஒற்றை சீட் வண்டியில் வைத்தார். நாயுடுவின் தம்பி என்று சொல்லத்தக்க புத்தி. 1995-ல் அவரும் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

நரேன் கார்த்திகேயனும் இதே ஊர். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்காவில் டயர் தகராறில் 14 கார்கள் விலகிக்கொள்ள, மீதி ஆறு கார்களில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து பாயின்ட் எடுத்தார். "ஆறு பேர்ல நாலாவது ஒரு பெருமையா?" என்று ரூம்மேட் கேட்டான். அந்த ஆறில் ஒருவனாக இருப்பதற்கு நூற்றிருபது கோடிப் பேரில் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும் என்று சொன்னேன். தலையணையால் அடித்தான்.

அதே செட்டிபாளையத்தில் ஜனவரி மாதம் மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி. நாங்களும் ஒரு கார் செய்கிறோம். கே.டி.எம். டியூக் 390 இன்ஜின்; அதற்குக் காற்று போகிற வழியை 20 மில்லிமீட்டராகச் சுருக்க வேண்டும் என்பது விதி. ஓட ஆரம்பிப்பதற்குள் ஏகப்பட்ட பரீட்சை. காரை 60 டிகிரி சாய்ப்பார்கள், பெட்ரோல் ஒழுகக் கூடாது. டிரைவர் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு ஐந்து செகண்டில் வெளியே குதிக்க வேண்டும். வேகமாக வந்து பிரேக் அடித்தால் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் லாக் ஆக வேண்டும். தவிர, இந்தக் காரை எப்படி லாபமாக விற்பீர்கள் என்று தனியாக ஒரு பரீட்சை! அதில் நாயுடு பாஸ் பண்ணியிருப்பார்.

எங்கள் காரின் ஹப் நாலும் எங்கப்பாவின் லேத்தில் கடைந்தவை. கணபதியில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஹெல்ப்பர் என்று பட்டறை. ஜாப் ஒர்க்காக வால்வ் கைடு செய்து கொடுக்கிறார். இன்ஜின் வால்வ் மேலும் கீழும் ஆட ஒரு குழாய் வேண்டுமே, அது. கல்யாணத்தில் யாராவது அவரை விசாரித்தால் "கார் பார்ட்ஸ் பண்றேனுங்" என்பார். முகத்தில் ஒரு களை வரும்.

எலெக்ட்ரிக் வண்டியில் வால்வ் கிடையாது.

இதை நான் படிப்பது புத்தகத்தில். அவர் படிப்பது ஆர்டர் நோட்டில். முன்பெல்லாம் மாதம் இரண்டு தடவை வந்த டெம்போ இப்போது ஒரு தடவை வருகிறது. 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் ஃபேக்டரி திறந்த அன்று டி.வி.யில் அதைக் காட்டினார்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். சத்தத்தைக் குறைக்கவும் சொல்லவில்லை, கூட்டவும் சொல்லவில்லை.

நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன். "ஏனுங்ப்பா, வருங்காலத்துல வால்வ் கைடே இருக்காது போலிருக்குதே."

"மோட்டார்ல ஷாப்ட் இருக்குதல்ல கண்ணு? அத ஒருத்தன் கடைஞ்சுதானே ஆகோணும்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தன் மோட்டாருக்கு வைண்டிங் சுத்துனாரு. நான்தான் அதுல காசு இல்லைன்னுட்டு இன்ஜின் பக்கம் வந்தேன்" என்றார்.

மோட்டாரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். எலெக்ட்ரிக் காருக்கு வேண்டியதில் பாதியை இந்த ஊர் 1937-லிருந்து செய்துகொண்டிருக்கிறது. 2008-லேயே ஆம்பியர் என்ற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனி கோயமுத்தூரில் ஆரம்பித்தது. பத்து வருஷத்தில் பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. பெரிய ஃபேக்டரி ராணிப்பேட்டைக்குப் போயிற்று. அப்பாவின் லேத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் ஒரு சி.என்.சி. மெஷின், ஒரு டிராயிங் சாஃப்ட்வேர், அதைத் தெரிந்த ஒரு ஆள் தேவை. மெஷினுக்கு பாங்க் லோன் கேட்கலாம். ஆள் யார் என்று வீட்டில் யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

ஏனென்றால் கேம்பஸில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி. கார் படித்தவனுக்கு ஒரு அமெரிக்க பாங்கின் கணக்கு வேலை. சம்பளத்தைக் கேட்டுவிட்டு அம்மா மருதமலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அப்பாவும் சந்தோஷமாகத்தான், "ஏசி ரூமு, கையில எண்ணெ ஒட்டாது, போயிரு கண்ணு" என்றார். மறுநாளே எங்கள் காருக்கு ஐந்தாவதாக ஒரு ஹப் கடைந்து வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. "ஸ்பேரு" என்றார்.

நாயுடுவுக்கு லைசென்ஸ் தராததற்கு டில்லியைத் திட்டலாம். 1991-க்குப் பிறகு கார் செய்ய லைசென்ஸ் வாங்க வேண்டாம் என்று 1993-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு இல்லை என்று சொல்ல டில்லியில் இப்போது யாரும் இல்லை. அதுதான் ராத்திரி தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

ஆஃபர் லெட்டருக்குப் பதில் எழுத இன்னும் பத்து நாள் இருக்கிறது. போட்டிக்குப் பதினெட்டு நாள். இடது பின்சக்கரம் மட்டும் லாக் ஆக மறுக்கிறது; பிரேக் லைனில் எங்கேயோ காற்று இருக்கிறது என்கிறார் அப்பா. சாயங்காலம் காலேஜுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பாலத்தில் வந்தால் கால் மணி நேரம்.