ஒரு தடவைக்கு எவ்வளவு?

240. லினக்ஸ் கேர்னலில யூஎஸ்பி டிஸ்குகளைக் கவனிக்கிற டிரைவருக்குள்ள கன வருசமா இருக்கிற எண் இது. ஒரு செக்டர் 512 பைட். அப்ப 240 செக்டர் எண்டா 120 கிலோபைட். ஒரு கட்டளையில அதுக்கு மேல டிஸ்கிட்டக் கேக்கவும் மாட்டுது, குடுக்கவும் மாட்டுது. யூஎஸ்பி 3 எண்டா 2048 செக்டர், அதாவது 1 மெகாபைட் வரைக்கும் போகும்.

இதை வேகக் கட்டுப்பாடு எண்டு விளங்கிக்கொள்ளக் கூடாது. கடையில மூட்டை இறக்கிற அண்ணைக்கு நாள் முழுக்க வேலை இருக்கலாம். ஆனா ஒரு தடவையில அவற்ற முதுகில எத்தனை மூட்டை ஏத்திறம் எண்டது வேற கேள்வி. இந்த எண் அந்தக் கேள்விக்கான பதில்.

எனக்கு இது தேவைப்பட்டது அம்மம்மாவின்ர குரலால. 1995 இடப்பெயர்வில நாவற்குழிப் பாலம் கடந்த கதையை அவ சொல்லச் சொல்லப் பதிஞ்சு வச்சிருந்தம். இப்ப அவ இல்லை. பதிவுகள் ஒரு பழைய லப்டொப்பின்ர ஹாட் டிஸ்கில. அதை மலிவான யூஎஸ்பி பெட்டி ஒண்டுக்குள்ள போட்டுக் கொப்பி பண்ணினா, சின்னக் கோப்புகள் சுகமா வரும். பெரிய பதிவுகளில அப்பிடியே நிண்டிடும். அரை நிமிசம் ஒண்டும் நடக்காது, பிறகு "ரீசெட்" எண்டு கேர்னல் எழுதும், கடைசியில பிழைச்செய்தி. "டிஸ்க் செத்துப்போச்சு, விடு" எண்டான் தம்பி. ஆனா அதே பெட்டி சிநேகிதியின்ர பழைய விண்டோஸில ஒழுங்கா வாசிச்சுது. அப்ப பிழை டிஸ்கில இல்லை.

டிரைவரின்ர மூலநிரலில இதுக்கு ஒரு குறிப்பு கிடக்கு. ஜெனசிஸ் லொஜிக் சிப்புகள் 32 கிலோபைட்டுக்கு மேல ஒரேயடியாக் குடுத்தாத் தடுமாறும் எண்டு அந்த நிறுவனத்தின்ர தொழில்நுட்ப ஆக்களே சொல்லியிருக்கினம். நடைமுறையில 64 கிலோபைட் சரிவருது, விண்டோஸும் அதைத்தான் செய்யுது. எண்டாலும் நாங்கள் குறைச்சே வைப்பம், வேணுமெண்டவை கூட்டிக்கொள்ளட்டும் எண்டு எழுதினவை முடிவெடுத்திருக்கினம். அந்தச் சிப்புகளுக்கு எல்லை 64 செக்டர்.

என்ர பெட்டியில இருந்தது வேற சிப். அதால டிரைவருக்கு அதின்ர பலவீனம் தெரியாது. லினக்ஸில ஒவ்வொரு யூஎஸ்பி டிஸ்குக்கும் 'மக்ஸ் செக்டர்ஸ்' எண்டொரு கோப்பு இருக்கு. அதில 64 எண்டு எழுதினன். கொப்பி கொஞ்சம் மெதுவா நடந்தது, ஆனா நிக்கேல்ல. எல்லாத்தையும் ரெண்டு தரம் வாசிச்சு, செக்சம் ஒத்துப்போகுதா எண்டும் பாத்தன். ஒத்துப்போச்சு.

எனக்குப் பிடிச்சது அந்த முடிவின்ர நியாயம். வேகம் வேணுமெண்டவருக்கு எண்ணைக் கூட்டத் தெரியும். மலிவுப் பெட்டியில குடும்பப் படங்களை வச்சிருக்கிற ஆளுக்கு அப்பிடியொரு எண் இருக்கிறதே தெரியாது. அவற்ற பக்கம் நிண்டு எல்லையை வச்சிருக்கினம். எங்கட வீடுகளில அந்த இரண்டாவது ஆக்கள்தான் கூட.

டிஸ்க் கடகடவெண்டு சத்தம் போட்டா அது வேற கதை, உடன நிப்பாட்டுங்கோ. சத்தமில்லாமப் பெரிய கோப்பில மட்டும் நிண்டா, எறியமுதல் சுமையைக் குறைச்சுப் பாருங்கோ.