இரும்பிற்கிடையே ஓர் இறப்பர்

பழைய கார் வைத்திருப்போரின் உரையாடலில் எஞ்சினுக்கும் டயருக்கும் கிடைக்கும் இடம் 'புஷ்' எனப்படும் சிறு பொருளுக்குக் கிடைப்பதில்லை. சில்லைத் தாங்கும் இரும்புக் கை காரின் உடலோடு பொருந்துகின்ற மூட்டிலே, இரும்பு இரும்பைத் தின்றுவிடாதவாறு இடையே செருகப்படும் இறப்பர் வளையமே அது. உள்ளங்கையில் அடங்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாது. அது கெட்டுவிட்டதை ஓட்டுபவர் செவியாலும் கையாலுமே அறிகிறார். பள்ளத்தில் விழுகையில் ஒரு மொத்தொலி எழும். பிரேக்கை அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் சாயும். சில மாதங்களில் டயரின் ஒரு விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிடும்.

கலகெதரையில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் மொரிஸ் மைனர் காரில் இம்மூன்று குறிகளும் 2023ஆம் ஆண்டில் ஒருங்கே தோன்றின. பிறிதொரு காலமாயின் அவர் அதனைப் பெரிதுபடுத்தியிரார். ஆனால் அவ்வாண்டு அவரது துணைவியாருக்கு முதுகெலும்பிலே சத்திரசிகிச்சை நடந்திருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் அவரைக் கண்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போகவர ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பின்னாசனத்தில் தலையணைகளை அடுக்கி அவர் பாதி சாய்ந்தவாறே பயணம் செய்வார். வாரந்தோறும் வான் பிடிப்பதற்கு ஓய்வூதியம் இடந்தரவில்லை. காரை விற்றுவிடும்படி கனடாவிலுள்ள மகன் தொலைபேசியில் வற்புறுத்தினான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளுக்கும் நல்ல விலை இருந்தது. ஆயின் விற்ற பணத்தில் வேறொன்றை வாங்க முடியாத நிலையும் அதே காரணத்தால் இருந்தது. அந்தத் தடை தனியார் வாகனங்களுக்கு நீங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கலகெதர, குருநாகல் சமவெளியிலிருந்து கண்டி மலைநாட்டுக்கு ஏறும் வாயில்களில் ஒன்று. 1803இல் கண்டி மீது படையெடுத்த பிரித்தானியர் இங்கும் அண்மையிலுள்ள கிரிஹாகமவிலும் இருந்த அரண்களைக் கைப்பற்றிய பின்னரே மேலே சென்றனர். அரணுக்குப் பொருத்தமான நிலம் காருக்குப் பொருத்தமாயிருக்க வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டிய இத்தகைய வீதிகளில் முன்சில்லின் மூட்டுத் தளர்ந்திருப்பது வெறும் ஓசைத் தொல்லை அன்று. உயிரோடு தொடர்புடைய விடயம்.

மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அக்கார் 1971 வரை 16 இலட்சத்திற்கு மேல் உற்பத்தியானது. அதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. நீளமான இரும்புக் கம்பியொன்று முறுக்கப்பட்டு, அம்முறுக்கின் எதிர்ப்பே பாரத்தைத் தாங்குகிறது. அக்கம்பியோடு இணைந்த கீழ்க்கை அசையும் இடத்தில் பக்கத்திற்கு இரண்டு இறப்பர் புஷ்கள் உள்ளன. கீழ்க்கை முன்பின்னாக அசையாதவாறு பிடிக்கும் இழுதண்டின் நுனியிலும் இறப்பர் உண்டு. பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் உண்டு. மிக எளிய அமைப்பு. இலங்கையின் சிறுநகர் கராஜ்களில் இவ்வண்டி இத்தனை காலம் பிழைத்திருப்பதற்கு அந்த எளிமையே காரணம் எனலாம்.

முதலில் சென்ற கராஜில் பின் ஸ்பிரிங் முனைகளுக்கு நைலோன் புஷ் கடைந்து போட்டுவிட்டார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் கடைசற்காரரே பல வண்டிகளை வீதியில் வைத்திருந்தார்; அந்தக் கைத்திறனை எவரும் இகழ்ந்துவிட முடியாது. லொறிக்கு நைலோன் உதவும். ஆனால் நைலோன் அமுங்குவதில்லை. வீதியில் கிடக்கும் ஒவ்வொரு பரலையும் அது உள்ளபடியே ஆசனத்திற்கு அறிவித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை அடையுமுன்னரே அம்மையார், "என்னங்க, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார். வண்டி ஓரமாக அரைமணி நேரம் நின்றது.

அதன்பின் ஆசிரியர் கலகெதரையிலேயே உள்ள வயது முதிர்ந்த முஸ்லிம் பாஸ் ஒருவரிடம் சென்றார். பாஸ் காரின் கீழே படுத்து, விளக்கைப் பிடித்து, முன் புஷ்ஷை விரலால் தோண்டினார். அது தார்போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சேர், இது தேஞ்ச புஷ் இல்ல. ஒயில் குடிச்ச புஷ். எஞ்சின் லீக்க நிப்பாட்டாம தங்கத்துல செஞ்சு போட்டாலும் ஆறு மாசந்தான்."

இயற்கை இறப்பரின் பகை எண்ணெய். எண்ணெயை உறிஞ்சி அது வீங்கி இளகும். பல ஆண்டுகளாகக் காரின் குறை என்று எண்ணப்பட்டது உண்மையில் ஓர் ஒழுக்கின் விளைவே. ஆகவே புஷ் தேடுமுன் ஒயில் சீல் தேடப்பட்டது.

பின்னர் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஒரு பயணம். அங்கே ஒரு கடையின் மேற்தட்டிலிருந்து, பல பத்தாண்டுகள் பிரிக்கப்படாத இங்கிலாந்துப் பொதியொன்று இறக்கப்பட்டது. அசல் பொருள்! ஆசிரியரின் முகம் மலர்ந்தது. தமிழாசிரியர்களுக்கு மூலபாடத்தின் மீதுள்ள பற்று உலகறிந்ததே. ஆயினும் பாஸ் புறப்படுகையில் சொல்லியனுப்பியிருந்தபடி அவர் அதனை இரு விரலிடையே வளைத்துப் பார்த்தார். மேற்பரப்பெங்கும் மயிரிழைபோன்ற வெடிப்புகள் வாய்திறந்தன. காற்றே இறப்பரை முதுமையடையச் செய்கிறது. வண்டியில் பூட்டப்படாவிட்டாலும் அது கிழடாகும். ஒரே அச்சில் வார்த்த இரண்டினுள், சென்ற ஆண்டு வார்த்ததே மேல்.

கடைக்காரர் அடுத்ததாக எடுத்து வைத்தது பொலியூரித்தேன். இச்செயற்கைப் பொருள் 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயரின் ஆய்வில் உருவானது. எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுங்காலம் உழைக்கும், வளைவில் வண்டியைத் திடமாக நிறுத்தும். ஆனால் இறப்பரினும் கடினமாகவே வார்க்கப்படுவது. உரிய கிரீஸ் இன்றேல் கிறீச்சிடும். அன்றியும் அதன் வேலை வேறு. இறப்பர் புஷ் இரு புறமும் இறுகப் பற்றியவாறு தன்னுடலை முறுக்கி வளைந்து கொடுக்கிறது. பொலியூரித்தேன் முறுகுவதில்லை, அச்சின்மீது சுழல்கிறது. பந்தய ஓட்டக்காரர் விரும்பும் குணம் நோயாளிக்கு ஒத்துவருமா?

இவ்விடத்தில் ஒரு விந்தையைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. 1876இல் பிரேசிலிய விதைகளிலிருந்து கியூ பூங்காவில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் வந்திறங்கியது இலங்கையின் ஹேனரத்கொடைக்கு. இன்று இத்தீவின் திண்ம டயர்கள் உலகெங்கும் செல்கின்றன. 1990களிலோ, இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைப் பேணி வந்த சார்ள்ஸ் வெயர், அக்காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கினார். நிலைமை அவ்வாறிருக்க, கலகெதர ஆசிரியர் வாங்கிய புது இறப்பர் புஷ் கடல்கடந்து வந்ததாகவே இருந்தது.

இறுதியில் அவர் ஒரே பொருளை எங்கும் பூட்டவில்லை. பின் ஸ்பிரிங்கிலிருந்த நைலோன் முழுவதும் நீக்கப்பட்டு இறப்பர் இடப்பட்டது. நோயாளி அமர்வது அதன்மேல். முன் கீழ்க்கைக்கும் இறப்பரே. பிரேக்கின் முழு இழுவையையும் ஏற்கும் இழுதண்டின் நுனிக்கு மட்டும் பொலியூரித்தேன். எந்த நூலும் இவ்வாறு விதித்ததாகத் தெரியவில்லை. எந்த மூட்டு யாரைச் சுமக்கிறது, எந்த விசையைத் தாங்குகிறது என்று பாஸும் ஆசிரியரும் ஒவ்வொன்றாக வினவிக் கண்ட முடிவு அது. கடையில் 'முழு செட்' வாங்குவோர் இவ்வினாவை எழுப்புவதேயில்லை.

பூட்டுவது ஒரு பகல் வேலையாயிற்று. முறுக்குக் கம்பியின் விசையை முறைப்படி தளர்த்தாமல் கீழ்க்கையைக் கழற்றினால் அது மனிதரை அடித்துவிடும். எல்லாம் பொருந்திய பின்னரும் பாஸ் நட்டுகளை இறுக்கவில்லை. ஜக்கை இறக்கி, நான்கு சில்லும் தரையில் நிற்க, காரை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அதன்பின்னரே கீழே நுழைந்து இறுக்கினார். சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் இறப்பர் முறுகியே இருக்கும், வீணே கிழியும். முந்திய கராஜில் இந்தப் பொறுமை இருக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை நிற்காமல் கடந்தது. கண்டியில் இறங்கும்போது அம்மையார் சொன்னது இவ்வளவுதான்: "இடது பக்கக் கதவு இன்னும் சத்தம் போடுதுங்க."

ஆசிரியர் அன்று மாலையே பாஸிடம் கதவைக் காட்டினார். பாஸ் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "அது பொறகு பாப்பம், சேர். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடினதும் கொண்டாங்க, நட்டெல்லாம் இன்னொருக்காப் பாக்கணும்" என்றார்.