கடையநல்லூரில் ஒரு கட்டைவிரல் பாடம்

பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலைத் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கூடவே ஓடிவர ஆரம்பிக்கும். கடையநல்லூரில் இறங்கினால், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலக் கிட்டத்தில் நிற்கும்.

நெசவுக்குப் பேர்போன ஊர். தறி சோறு போடாத காலத்தில் கப்பலேறிய ஊரும்கூட. போன இடத்திலும் ஊரை மறக்கவில்லை. 1941-லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் அமைத்தார்கள். 1946-ல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தினார்கள். ஆகவே, இங்கே தெருவுக்கு நாலு வீட்டில் சிங்கப்பூர் பெட்டி இருக்கும். தைலம், சாக்லேட், கைலி எல்லாம் அதிலிருந்து வரும். நண்பர் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்ததோ ஒரு ஜோடி பாலே ஷூ!

லீவுக்கு வந்திருந்த நண்பரின் தங்கை மகளுக்குப் பன்னிரண்டு வயது. கால் வளர்ந்துவிட்டது, புது ஷூ வாங்க வேண்டும். விலையைக் கேட்டதும் பாட்டியம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"வளர்ற புள்ள. ரெண்டு சைஸ் பெருசா வாங்குங்க, மூணு வருஷம் ஓடும். என்ன தம்பி, நான் சொல்றது?"

நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தானே சார்? ஸ்கூல் ஷூவுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு ஏழாம் வகுப்பு தாண்டாதவர் யார்? நான் தலையாட்டப் போனேன். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

பிறகு பாடம் நடந்தது. ஷூ நுனியில் இருப்பது மரமும் அல்ல, இரும்பும் அல்ல. துணியும் காகிதமும் பசை போட்டு அடுக்கி இறுகவைத்த கூடு. தரையில் நிற்கும்போது விரல்கள் அதன் நுனியைத் தொட வேண்டும், ஆனால் மடங்கக் கூடாது. நுனியில் ஏறி நின்றால் குதிகாலில் ஒரு சிட்டிகை துணி கிள்ள வரலாம். கொத்தாக வந்தால் ஷூ பெரிசு! பெரிசானால் பாதம் கூட்டுக்குள் சரிந்து, உடம்பின் கனம் மொத்தமும் பெருவிரல் நகத்தில் இறங்கும். நகம் போகலாம், கணுக்காலும் பிசகலாம். சிறிசானால் விரல் நசுங்கும். தொழில்முறைக் கலைஞர்களுக்கு ஒரு ஜோடி சில சமயம் ஒரு நாள் ஆட்டத்துக்கே தாங்காதாம்!

பாட்டியம்மா ஷூவை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார். இளவயதில் தறிக்குத் தார் சுற்றிய விரல்.

"பாவு தொய்ஞ்சா துணி விழாதுல்லா... அது மாதிரியா?"

"அதேதான்!" என்றாள் பேத்தி.

"அப்ப அளவாவே வாங்கிக்க. நகம் போனா யாரு தருவா?"

கேஸ் தள்ளுபடி!

இதை அந்நிய சமாசாரம் என்று ஒதுக்கவும் முடியாது. கலாக்ஷேத்ராவை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவி, அதற்குமுன் பாலே கற்றவர்தான். 'உங்கள் நாட்டு நடனத்தைப் பாருங்கள்' என்று அவரைத் திருப்பிவிட்டவர் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவா. அந்தப் பாவ்லோவாவே கடைச் சரக்கை அப்படியே மாட்டிக்கொண்டதில்லை. தன் வளைந்த பாதத்துக்கேற்ப ஷூவுக்குள் கெட்டித் தோல் வைத்துக்கொண்டவர்.

ஆபீஸ் ஷூவிலே நாம் நுனிவிரலில் ஆடப்போவதில்லை. மேனேஜர் ஆட்டிவைப்பதே போதும்! ஆனாலும் அடுத்த தடவை சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், பகலெல்லாம் உழைத்த கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நாலு எட்டு நடந்து பாருங்கள். விலைச்சீட்டை அப்புறம் பார்க்கலாம்.