பொம்மைக்கு ஒரு ஃப்ராக்!

பாரீஸ் போனவள் ஈஃபில் டவர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பாள்னுதானே நினைக்கிறீங்க? எடுத்தேன். அது அஞ்சு நிமிஷ வேலை. மற்றபடி நாலு ஞாயிற்றுக்கிழமைகளை நான் செலவழித்தது, ஒரு முழம்கூட இல்லாத ஒரு பீங்கான் முகப் பொம்மையோடு!

செமஸ்டர் லீவில் ப்ராஜெக்ட்டுக்காகப் போயிருந்தேன். தங்கியது எண்பது வயதை நெருங்கும் ஒரு மதாம் வீட்டு மாடி அறையில். அவர் வீட்டு ஹாலில் கண்ணாடிக் கண்கள், மூட்டு மூட்டாக மடங்கும் கைகால்களோடு உட்கார்ந்திருந்தாள் ப்ளூயெத்.

பேர் கேள்விப்பட்டதில்லையா? நானும்தான். 1905-ம் வருஷம் பிப்ரவரி 2-ம் தேதி பாரீஸில் 'லா செமேன் து சுஸெத்' என்று சிறுமிகளுக்கான வாரப் பத்திரிகை ஒன்று ஆரம்பித்தது. முன்கூட்டியே ஒரு வருஷ சந்தா கட்டினால் பொம்மை இலவசம்! நம்ம ஊரில் ஷாம்பு பாக்கெட் கொடுப்பதற்கு எவ்வளவோ முன்னாடியே செம ஐடியா பிடித்திருக்கிறார்கள். அந்த முதல் இதழில் காலியாகக் கிடந்த ஒரு பக்கத்தை நிரப்பப் போட்ட படக்கதை நாயகி பெக்கஸீன், பிரான்ஸ் முழுக்கப் பிரபலமானது தனிக் கதை.

பொம்மை இலவசம். டிரெஸ்..? அங்கேதான் விஷயமே. 'ப்ளூயெத்துக்கு உடுத்துகிறோம்' என்று ஒரு பகுதி. அதில் அச்சடித்த பேட்டர்னைப் பார்த்து வெட்டி, சந்தாதாரக் குட்டிப் பெண்களே தைக்க வேண்டும். கோட், தொப்பி, உள்பாவாடை, நைட் டிரெஸ் என்று 1960-ல் பத்திரிகை நிற்கும்வரை வந்தவை ஆயிரத்துக்கும் மேல். நல்ல கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் ஊசி பிடிக்கத் தெரிந்தவளாக வளர வேண்டும் என்பதுதான் உள்நோக்கம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம், என் அம்மா டெய்லர். பிளவுஸ் தைத்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். "ஒரு ஹெம்மிங்காவது பழகுடி" என்று கெஞ்சியபோதெல்லாம், "நான் இன்ஜினீயர் ஆகப்போறவ, போம்மா" என்றவள் நான். காலேஜில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'ஹவுஸ் வொய்ஃப்' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

மதாம் பழைய இதழ்களை என் முன்னால் அடுக்கி, "ஒண்ணு தைக்கிறியா?" என்றார். ரோஷம் வந்து 1924-ம் வருஷத்து இதழில் ஒரு ஃப்ராக்கைத் தேர்ந்தெடுத்தேன். பேப்பர் அப்பளம் மாதிரி நொறுங்குவதால் ஜெராக்ஸ்தான்.

துணிக்கு ஆன்வேர் மெட்ரோவில் இறங்கினேன். மேலே குன்றில் வெள்ளை வெளேரென்று சாக்ரே கேர் தேவாலயம். டூரிஸ்ட்டுகள் மொத்தமும் அந்தப் பக்கம் ஏற, நான் மட்டும் அடிவாரத்தில் மார்ஷே சான் பியேர் துணிக்கடைத் தெருக்களுக்குள் புகுந்தேன். வாசலிலேயே கட்பீஸ் குவியல்! மூணு மூணு மீட்டராக வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தேவையோ ரெண்டு கைக்குட்டை அளவு. பொடிப் பூ போட்ட பருத்தி ஒன்று வாங்கினேன். மீதியில் எனக்கே ரெண்டு டாப்ஸ் தைக்கலாம்!

வெட்டும் முன் அம்மாவுக்கு வீடியோ கால். பேட்டர்னைக் காட்டியதும் கேள்வி மழை. "தையலுக்குத் துணி விட்டிருக்கானா, இல்ல நாமதான் விடணுமா? சின்ன உருப்படிக்கு அரை இன்ச் விட்டா தடிச்சுக்கும்டி, கால் இன்ச் போதும். கைக்குழியை ஒரேயடியா வெட்டிடாத." முப்பது செகண்டில் முடிந்தது க்ளாஸ். மூணு வருஷ இன்ஜினீயரிங் டிராயிங்கில் எனக்கு வராத தெளிவு!

மூணு ஞாயிறு ஓடியது. விரலில் ஏழெட்டு ஊசிக் குத்து. நாலாவது ஞாயிறு ப்ளூயெத்துக்கு மாட்டினால்... முதுகுப் பக்கம் பட்டன் எட்டவே இல்லை. அழுகையே வந்துவிட்டது. இன்ச் டேப் எடுத்துப் பொம்மையை அளந்தேன். 29 சென்டிமீட்டர்!

மதாம் சிரித்தார். 1933 வரை ப்ளூயெத்தின் உயரம் 27. அதன் பிறகுதான் 29. ஏழு சதவிகிதம் கூடுதல். மதாமுடைய பொம்மை ஐம்பதுகளில் வந்தது. நான் தைத்ததோ அதற்கு முந்தைய தலைமுறைக்கு.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே மதாம்?"

பதில் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். உள்ளே இன்னொரு ப்ளூயெத், வெறும் உள்ளாடையோடு. அவருடைய அம்மாவின் பொம்மை. துணியெல்லாம் பூச்சி அரித்துப்போய் வருஷக்கணக்காச்சாம். "இப்பல்லாம் என் கை நடுங்குது. என்னால ஊசியில நூல் கோக்க முடியாது" என்றார்.

மாட்டினேன். கடைசி பட்டன்வரை எட்டியது. மதாம் அவளை ஹாலுக்குக் கொண்டுபோய், தன் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

ரெண்டு பொம்மைகளையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அப்படியே காலேஜ் க்ரூப்பிலும் போட்டேன். 'நான் தைத்தது. கத்துக் கொடுத்தது எங்கம்மா. அவங்க டெய்லர்' என்று எழுதி.

க்ரூப்பில் ஹார்ட்டின் மழை. அம்மாவிடமிருந்து மட்டும் ஒரே ஒரு வரி:

"ரெண்டாவது காஜா கோணல்டி. பிரிச்சுட்டு மறுபடி போடு!"