பிள்ளை பெற்றாளின் மனச்சோர்வும் சட்டத்தின் கடமையும்

குழந்தை பிறந்த வீட்டில் துயரத்திற்கு இடமில்லையென்று கருதுவது உலக வழக்கம். பிரசவித்த சில நாட்களில் தாய் காரணமின்றிக் கண்ணீர் சிந்துவதும், ஓரிரு வாரத்தில் அது தானே நீங்குவதும் முதியோர் அறிந்ததே. நாம் ஈண்டுக் கூறப் புகுவது அதுவன்று. வாரங்கள் மாதங்களாகியும் நீங்காது, உணவையும் உறக்கத்தையும் கெடுத்து, பெற்ற மகவையே அந்நியமாய்த் தோன்றச் செய்யும் மனச்சோர்வு வேறு, அது வியாதி. பிள்ளை பெற்ற மாதருள் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர் மனநோய்க்கு, பெரும்பாலும் இச்சோர்வுக்கே, ஆளாகின்றனரென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

இதற்குச் சட்டம் எதற்கு என்று நண்பர் சிலர் எம்மை வினவுகின்றனர். அவர்கட்கு அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம்.

சிகாகோ நகரில் மருந்து விற்பனைத் துறையில் நல்ல உத்தியோகத்திலிருந்த மெலனி பிளாக்கர் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு பெண்மகவை ஈன்றார். சில வாரங்களுள் கொடிய மனோவியாதி அவரைப் பற்றியது. பலமுறை ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டும் தேறாது, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர்தம் அன்னையார் காரல் பிளாக்கர் துக்கத்தோடு வீட்டிலடங்கியிருந்தாரல்லர். இந்நோயுற்ற தாயருக்கு அரசாங்கம் உதவ வேண்டுமென்று ஓயாது மன்றாடினார். இல்லினாய்ப் பிரதிநிதியாகிய பாபி ரஷ் அம்மகளின் பெயராலேயே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அது 2010இல் இயற்றப்பட்ட பெரிய சுகாதாரச் சட்டத்தினுள் ஒரு பிரிவாய் நுழைதற்கு ஒன்பதாண்டு சென்றது!

இதற்கிடையில் நியூ ஜெர்சி ராஜ்யம் முந்திக்கொண்டது. அங்குக் கவர்னராயிருந்த ரிச்சர்டு கோடியின் மனைவியார் மேரி ஜோ கோடி, தாமுற்ற இந்நோயை வெட்கமின்றி வெளியே எடுத்துரைத்தவர். பிரசவித்த ஒவ்வொருத்தியையும் வைத்தியரும் மருத்துவச்சியரும் இந்நோய் குறித்து வினவியறிய வேண்டுமென 2006இல் அங்குச் சட்டமாயிற்று. அமெரிக்க ராஜ்யங்களுள் இதுவே முதலாவது. எனினும் 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அரசாங்க உதவியாற் சிகிச்சை பெறும் ஏழை மாதருள் இந்நோய்க்குச் சிகிச்சை தொடங்கினோர் தொகை அச்சட்டத்தால் உயரவில்லையெனக் கண்டது. வினவுவதைக் கடமையாக்கினர், வினவியபின் அவளை எவ்விடத்தில், யார் செலவிற் கவனிப்பதென்பதைப் போதிய அளவு வகுத்தாரில்லை. சட்டத்திற்காக வாதிடுவோர் இக்குறையை மறைத்தல் நேர்மையன்று.

எம் தமக்கையார் தலைப்பிரசவத்திற்கு வீடு வந்திருந்த காலத்தில் அவரை வினவாத உறவினரில்லை. பால் போதுமா, காய்ச்சலுண்டா, பத்தியம் தவறிற்றா, குழந்தை எடை ஏறிற்றா? அவர் ஜன்னலோரத்தில் பேசாதிருந்தபொழுது பாட்டியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அன்பிற் குறைவில்லை. 'உன் மனம் எப்படியிருக்கிறது?' என்று மட்டும் ஒருவரும் கேட்டிலர். கேட்டிருப்பினும், அடுத்து எங்குச் செல்வதென்பது எவர்க்குந் தெரியாது.

நம் நாட்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் (2017), மனநோய்க்காகச் சிகிச்சை பெறும் தாயினின்று மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாய்ப் பிரித்தலாகாதென விதிக்கின்றது. நல்ல விதியே, ஆயினும் ஆஸ்பத்திரி வாயிலை அடைந்தவளுக்கே அது பயன்படும். அடையாதவளைத் தேடிப் போகவும் வேண்டுவதில்லை. தடுப்பூசிக்காக 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தையை ஏந்திக்கொண்டு அவளே வருகின்றாள். 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலின் பத்து வினாக்கள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. கேட்டு முடிக்கச் சில நிமிஷமே செல்லும். அவற்றை அந்நாட்களிற் கேட்பதை ஒரு பிரிவாகவும், விடை கவலைக்கிடமாயின் அவளை வைத்தியரிடம் சேர்ப்பித்துச் செலவை அரசாங்கமே ஏற்பதை மற்றொரு பிரிவாகவும் ஒரே சட்டத்தில் விதித்தல் வேண்டும். முதற்பிரிவை மாத்திரம் தந்து சட்டசபையார் அமைவாராயின், நியூ ஜெர்சியின் கணக்கை அவர்கட்கு நினைவூட்டுவோம்.