சுழிப்பிழை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கடைசிப் பகுதி உங்களில் ஒருவருக்காக எழுதியது.

மகன் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கம். அடுத்த வீட்டில் என் வயதுள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கராஜில் ஒரு 1969 பான்டியாக் ஜி.டி.ஓ. நிற்கிறது. பான்டியாக் என்பது இங்கே பக்கத்திலேயே உள்ள ஊரின் பெயர். அந்தப் பெயரில் வந்த கார்கள் 2010-ஓடு நின்றுபோயின.

இதை மசில் கார் என்கிறார்கள். நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைத்தது. இதன் எஞ்சின் 400 கன அங்குலம், அதாவது 6.6 லிட்டர். எட்டு சிலிண்டர், 350 குதிரைத்திறன். நம் அம்பாசிடர் ஒன்றரை லிட்டர்தான் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் போன மாதம் விற்பனைக்குப் போக இருந்தது. எஞ்சினில் தட்டுகிற சத்தம். "உள்ளே கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. எஞ்சின் வேலை தெரிந்தவர்தானே, அவரே பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். காதைத் தொட்டுக் காட்டினார். தொழிற்சாலை இரைச்சலில் காது போய்விட்டது, கருவி வைத்திருக்கிறார். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் அவருக்குக் கேட்பதில்லை. "என் கை இருக்கிறது, உன் காதைக் கொடு" என்றார். மகன், "அப்பா, தெரியாத விஷயத்தில் தலையிடாதீங்க" என்றான். நாற்பது வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

எஞ்சினில் தட்டும் சத்தம் எல்லாம் ஒன்று அல்ல என்பதை முதலில் அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். பேரிங் தேய்ந்திருந்தால் அடியிலிருந்து "டொக், டொக்" என்று கனமாகக் கேட்கும். ஆயில் அழுத்தமும் குறைந்திருக்கலாம். பிஸ்டன் தளர்ந்திருந்தால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சத்தம் அதிகம், சூடானதும் குறையும். வால்வுப் பக்கம் கோளாறு என்றால் மேலே "டிக், டிக்". புகை போகும் மேனிஃபோல்டில் கசிவு இருந்தாலும் அதே "டிக், டிக்" வந்து ஏமாற்றும்.

நான் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டேன். குளிர்ந்த எஞ்சின்: சத்தம் இல்லை. சூடான பிறகு நின்ற இடத்தில்: இல்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். அடியில் கனத்த சத்தம் எதுவும் இல்லை. ஆயில் அழுத்தம் சரியாக இருந்தது. பிறகு சாலையில் ஒரு மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். வந்தது! கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று. காலை எடுத்ததும் நின்றுவிட்டது. கடுகு என்றால் அவருக்குப் புரியவில்லை. தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டுவது போல என்றேன். காரை ஓரங்கட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியானால் அது பேரிங் இல்லை."

அது நாக்கிங். பொறி பட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராகப் பரவ வேண்டும். அதற்குள் மூலையில் எரியாமல் இருக்கும் கலவை, சூட்டாலும் அழுத்தத்தாலும் தானே வெடித்துவிட்டால், அந்த அழுத்த அலை மோதும் சத்தம்தான் நமக்குக் கேட்பது. இதை அடக்கத்தான் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அதன் முன்கதை வேடிக்கையானது. தாமஸ் மிட்ஜ்லி என்பவர், சிவப்புச் சாயம் கலந்தால் எரிபொருள் வெப்பத்தை நன்றாக உள்வாங்கும் என்று நினைத்து, கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்து பார்த்தார். நாக்கிங் குறைந்தது! பிறகு வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தேடல் தொடர்ந்து 1921-ல் டெட்ரா எத்தில் ஈயத்தில் முடிந்தது. ஈயம் நஞ்சு என்பதால், அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு 1996-ல் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. இந்தக் காரின் அமுக்க விகிதம் 10.75. ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பிச் செய்த எஞ்சின்.

சோதித்துப் பார்க்க, பந்தயக் கார்களுக்கான உயர் ஆக்டேன் பெட்ரோலைக் கொஞ்சம் கலந்தோம். சத்தம் ஏறக்குறைய நின்றது. தேய்ந்த பேரிங்குக்கு என்ன பெட்ரோல் ஊற்றினாலும் ஒன்றுதான். ஆக நாக்கிங் உறுதி. ஆனால் அதை வாங்கி தினமும் ஊற்ற முடியாது. பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேனில் போன வருடம் வரை வண்டி ஒழுங்காகத்தானே ஓடியது?

பொறி விழும் நேரத்தைப் பார்த்தோம். கிராங்க் தண்டின் முனையில் பேலன்சர் என்ற கனமான வட்டு இருக்கிறது. அதில் ஒரு கோடு. டைமிங் லைட் அடித்தால், கோடு எந்த டிகிரியில் நிற்கிறது என்று தெரியும். புத்தகத்தில் உள்ள அளவிலேயே நின்றது. அவர் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு வாயில் வந்தது பழைய வகுப்பறைக் கேள்வி: "அந்தக் கோடு சரியான இடத்தில் இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பிளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு தடுப்பு போல்ட்டை முடுக்கினார். கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். அங்கே ஒரு அடையாளம். எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி முட்டும். அங்கே இன்னொன்று. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. கோடு அந்த நடுப்புள்ளியிலிருந்து 8 டிகிரி தள்ளி இருந்தது!

பேலன்சர் ஒரே துண்டு இல்லை. உள்வட்டுக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர். அது பழசாகி வெடித்து, வெளிவளையம் சுற்றும் திசையிலேயே முன்னே நழுவியிருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 8 டிகிரி முன்பே கோடு வந்துவிடும். கோட்டை நம்பி வைத்ததால் பொறியும் 8 டிகிரி முந்தி விழுந்துகொண்டிருந்தது. புதுப் பேலன்சர் போட்டு, நேரத்தைத் திரும்ப வைத்தோம். அதே மேடு, அதே 93 பெட்ரோல். சத்தம் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் தலையாட்டுவதற்காக. ஆட்டினேன். கார் விற்பனைக்குப் போகவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1994. பதினொன்றாம் வகுப்பு செய்முறை. திருகு அளவியால் கம்பியின் விட்டம் காணும் சோதனை. பெட்டி மூடியின் உள்பக்கம் சுழிப்பிழை எவ்வளவு என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும். எல்லோரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் தானே அளந்து வேறு எண் எழுதினான். "பெட்டியில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டு, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். "சார், நான் பார்த்தேன் சார்" என்றான். வெளியே நிற்கச் சொன்னேன்.

கோடை விடுமுறையில் ஸ்டாக் சரிபார்க்கும்போது அந்த அளவியை எடுத்து முடுக்கிப் பார்த்தேன். அவன் எழுதியதுதான் சரி. எப்போதோ கீழே விழுந்து மாறியிருக்க வேண்டும். சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டினேன். ஜூனில் அவன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தான். என் வகுப்புதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆசிரியர் தப்பை ஒத்துக்கொண்டால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வருடம் முழுவதும் அவன் ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று தெரியும். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாய். உன் எண் சரி. என் சீட்டுதான் தப்பு. அது எனக்கு அந்த மே மாதமே தெரியும். மன்னித்துக்கொள்.

மற்றவர்கள் இதற்கு "நீங்கள் பெரிய மனிதர் சார்" என்று எழுத வேண்டாம். உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். பள்ளி திறந்ததும் ஆய்வகத்துக்குப் போய், பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். போதும்.